மிதி, பிடி, விடு

கார் பிரேக்கில் காற்றெடுக்க இரண்டு ஆள் வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள், இன்ஸ்பெக்டர் சார். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டுமாம். இன்னொருவர் சக்கரத்தடியில் படுத்து நட்டைத் தளர்த்தி, ஆயிலோடு குமிழி குமிழியாக வரும் காற்றை வெளியே விட வேண்டுமாம். சுத்தப் பொய். ஒரு பழைய தண்ணீர் பாட்டிலும் கொஞ்சம் ட்யூபும் இருந்தால் ஒற்றை ஆளே செய்துவிடலாம்.

ஆனால் பெங்களூர் பொம்மனஹள்ளி வீட்டில் நானும் சிந்துவும் சேர்ந்துதான் செய்வோம். மனைவி உள்ளே, நான் கீழே. “மிதி” என்பேன், மிதிப்பாள். “பிடி” என்பேன், காலை எடுக்காமல் பிடித்திருப்பாள். நான் “விடு” என்று சொல்லும்வரை விடக் கூடாது. விட்டால் காற்று திரும்ப ஏறிவிடும். சில நாள் வேலை முடிந்த பிறகும் “விடு” சொல்ல மாட்டேன். சும்மா, பொறுமை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க. திறந்த கதவு வழியாக அவள் கால் நடுங்குவது தெரியும். கல்யாண வாழ்க்கையில் எனக்குப் பிடித்த நேரம் அதுதான்.

என்னைக் கோபக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு ஆத்திரமே வராது. கீழ் வீட்டு உஷாவைக் கேளுங்கள், எங்கள் வீட்டிலிருந்து ஒரு நாளாவது சத்தம் கேட்டதுண்டா என்று.

சேலத்தில் ஒரு கல்லூரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. என்னிடம் மூச்சுவிடாமல் விண்ணப்பித்திருக்கிறாள். “நான் போறேங்க. திரும்பி வர மாட்டேன்” என்றாள், என் சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே. நான் நிதானமாகச் சாப்பிட்டு முடித்தேன். ஆயுத பூஜை அன்றைக்குக் கிளம்பு, நல்ல நாள், காருக்கும் பூஜை போட்டு அனுப்புகிறேன் என்றேன். கார் அவள் சம்பளத்தில் வாங்கியது, தடுக்க நான் யார்? பிரேக்கை மட்டும் பார்த்துத் தருகிறேன், வந்து பெடலில் உட்கார் என்று கூப்பிட்டேன்.

“இனிமே உங்க சொல்லுக்கு மிதிச்சு, பிடிச்சு, விடறதெல்லாம் என்னால ஆகாதுங்க. கோவிந்தப்பா கேரேஜ்ல காட்டிக்கறேன்.”

பூஜைக்கு முந்தின நாள் போய்க் காட்டவும் செய்தாள். கோவிந்தப்பா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தார். “இவத்து ஆகல்லம்மா, இன்னிக்கு முடியாது. டூல்ஸ் எல்லாம் பூஜைக்கு வெச்சாச்சு. விஜயதசமி ஆகட்டும், எடுத்துட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டார். பூஜையில் வைத்த ஸ்பேனரை எந்த மெக்கானிக்கும் தொட மாட்டான், பெங்களூரானாலும் சரி, கிருஷ்ணகிரியானாலும் சரி. நல்ல நாள் என்று நான் சொன்னது அதற்காகத்தான்.

அன்று மத்தியானம் பாட்டிலையும் ட்யூபையும் வைத்துத் தனியாகவே செய்தேன். மூன்று சக்கரம் சுத்தம். நாலாவதில் குமிழி நிற்பதற்கு முன்பே நட்டை இறுக்கிவிட்டேன். மறதி இல்லை சார். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், பயந்துபோவாள், வழியெல்லாம் கேரேஜ் பூட்டிக் கிடக்கும், வேறு போக்கில்லாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு என்னிடமே வந்து நிற்பாள். அவ்வளவுதான் என் கணக்கு. இதற்குப் பெயர் கொலையா?

காலையில் பூசணிக்காய் சுற்றி உடைத்தேன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். அவற்றை நசுக்கிக்கொண்டு வண்டி முன்னால் போய் நின்றது. “பிரேக் மெத்துன்னு இருக்கே?” என்றாள். புது ஆயில், ஓட ஓடச் சரியாகிவிடும் என்றேன். டாட்டா கூடக் காட்டினேன்.

கிருஷ்ணகிரி தாண்டியதும் போன் வந்தது. “ஏங்க, மிதிச்சா பெடல் உள்ள போகுதுங்க. கேரேஜ் எல்லாம் பூட்டியிருக்கு. ஓரமா நிறுத்தியிருக்கேன். பயமா இருக்கு. என்ன பண்ணட்டும்?”

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. “மெதுவா திருப்பிக்கிட்டு வந்துடு, சிந்து” என்றேன்.

போனில் லாரிகள் போகும் இரைச்சல் கேட்டது.

“இல்லங்க. வண்டிய இங்கயே விட்டுட்டு பஸ் பிடிச்சு சேலம் போயிடறேன். திரும்பி மட்டும் வர மாட்டேன்.”

“பஸ் எதுக்கு?” என்றேன். “ரெண்டு தடவை விட்டு விட்டு மிதி, பிடிச்சுக்கும்.”

“தொப்பூர் இறக்கம் வருமேங்க?”

“நான் என் கையால செஞ்ச பிரேக்கு. ஒண்ணும் ஆகாது, தைரியமா போ.”

போனாள். நல்ல பெண், சொன்னால் கேட்பாள்.

இறக்கத்தில் முன்னால் போன லாரிக்கு அடியில் அந்தக் காரை நீங்கள்தான் பார்த்தீர்கள். அடையாளம் காட்ட என்னைக் கூட்டிப்போனதும் நீங்கள்தான். துணிக்கு வெளியே வலது கால் தெரிந்தது, விரலெல்லாம் மடங்கி, இன்னும் எதையோ மிதித்துப் பிடித்திருப்பதுபோல. நான் குனிந்து ஏதோ சொன்னேனே, என்ன என்று கேட்டீர்கள். “விடு” என்று சொன்னேன் சார்.

ஆகவே நான்தான் கொன்றேன், தெரிந்தேதான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் மேலே ‘கணவனைப் பிரிந்து சென்ற மனைவி’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். நடுவழியில் பயம் வந்ததும் அவள் யாரைக் கூப்பிட்டாள்? பெற்றவளையா, கூடப் பிறந்தவனையா? என்னைத்தானே கூப்பிட்டாள்.