காவ்யாவின் முறை

வரிசையில் நிற்பது எனக்குக் கஷ்டமான காரியம் இல்லை, மேடம். கத்தாரில் ஆறு வருஷமாக நிற்கிறேன். குளிக்க வரிசை, சாப்பாட்டுக்கு வரிசை, வேலைக்குப் போகிற பஸ்ஸுக்கு வரிசை. எங்கள் கேம்ப்பில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், நிலவழகன் முந்திப் போனான், சண்டை போட்டான் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். அதனால் அன்றைக்கு எனக்குக் கோபம் வந்துவிட்டது என்று எழுதிக்கொள்ள வேண்டாம். கோபம் வரவில்லை. நடந்ததை வரிசையாகவே சொல்கிறேன்.

எனக்குக் கீரனூர். மனைவி பெயர் சத்யபிரியா. ஒரே மகள் காவ்யா, ஐந்து வயது. அவள் பிறந்தபோது நான் கத்தாரில் இருந்தேன். ஒரு வயதில் ஒரு தடவை பார்த்தேன், மூன்று வயதில் ஒரு தடவை. இது மூன்றாவது லீவு, நாற்பது நாள். அவளுக்கு நான் போனில் வருகிற ஆள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் என்னைக் காட்டி, "இதான் போன் அப்பா" என்று சொன்னாள். சாக்லேட் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். வாங்கியதும் அவள் அம்மாவின் பின்னால் போய் நின்றுகொள்வாள். தூக்கப் போனால் உடம்பை விறைத்துக்கொள்வாள். அழமாட்டாள். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை.

முப்பத்தோரு நாள் இப்படியே போய்விட்டது. சத்யபிரியாதான் யோசனை சொன்னாள்.

"புதுக்கோட்டையில பந்துக்குள்ள குதிக்கிற எடம் இருக்குல்ல, அங்க போகணும்னு ரொம்ப நாளாக் கேக்குறா. நீங்க ரெண்டு பேரு மட்டும் போயிட்டு வாங்க. நான் வந்தா எங்கிட்டயேதான் ஒட்டிக்கிட்டு நிப்பா."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ் ஏறினோம். காவ்யா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டாள். இறங்கும்போது கையை நீட்டினேன். பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு அவளே இறங்கினாள்.

அந்த இடம் உங்களுக்குத் தெரியும். ஒரு துணிக்கடைக்கு மேலே முதல் மாடி. உள்ளே போனதும் காது அடைத்துவிட்டது. ஸ்பீக்கரில் பாட்டு, அதற்கு மேல் பிள்ளைகளின் கூச்சல். யாரோ ஒரு வீட்டுப் பிறந்தநாள் என்று பாதி இடத்தைக் கயிறு கட்டி ஒதுக்கியிருந்தார்கள். மீதிப் பாதிக்குள் நூறு பிள்ளைகளாவது இருக்கும். ஏசி ஓடியது, ஆனால் குளிரவில்லை. ஈரக் காலுறை வாடை. பெரியவர்கள் உட்கார ஒரே ஒரு நீள பெஞ்சு, அதில் பைகள் உட்கார்ந்திருந்தன. என்னைப் போன்ற தகப்பன்மார் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் என்னிடம், "பணத்தையும் குடுத்து இந்த மிதியும் படணும்னு நமக்குத் தலையெழுத்தா சார்?" என்று கேட்டார். நான் சிரித்தேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எனக்கு ஒரு மணி நேரம் இருந்தது. காவ்யாவின் கையில் பச்சைப் பட்டை கட்டி நேரத்தைக் குறித்தவர் வாசலில் உட்கார்ந்திருந்த ராசாத்தி. அவரைத்தான் நீங்கள் ஞாயிறு சாயந்தரம் ஸ்டேஷனில் பிடித்து வைத்தீர்கள். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

காவ்யாவுக்கு அந்தச் சிவப்புச் சறுக்குக் குழாய் ஒன்றுதான் வேண்டும். பந்துகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏணியில் ஏறி, குழாய்க்குள் புகுந்து, வளைந்து வளைந்து கீழே வந்து விழ வேண்டும். அடியில் நான் நிற்பேன். நான்தான் பிடித்துத் தூக்குவேன். அதற்காகத்தான் எனக்கும் அது வேண்டியிருந்தது. ஏணிக்கு நீண்ட வரிசை. முப்பத்தைந்து நிமிஷம் நின்றாள். மூன்று தடவை ஏணிக்குப் பக்கத்தில் போனாள். மூன்று தடவையும் ஒரு பிள்ளை முழங்கையால் இடித்துக்கொண்டு முன்னால் ஏறிவிட்டது.

அதுதான் பிளெஸ்ஸி. அப்போது பெயர் தெரியாது. ஆறு வயது இருக்கும், மஞ்சள் கவுன், நல்ல சுறுசுறுப்பு. சறுக்கி வந்ததும் ஓடிப்போய் மறுபடி வரிசைக்கு முன்னால் நின்றுகொள்ளும். சின்னப் பிள்ளைகளெல்லாம் அதற்கு வழி விட்டன. மூன்றாவது தடவை காவ்யா கீழே விழுந்தாள். எழுந்து என்னைப் பார்த்தாள். மேடம், அந்தப் பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஏதாவது செய்வாய்தானே என்று கேட்பதுபோல. முப்பத்தோரு நாளில் அவள் என்னிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை.

முறையாகத்தான் நடந்துகொண்டேன். பிள்ளையின் தாயாரைத் தேடிப் போனேன். மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். அடைக்கலமேரி என்று இப்போது தெரியும். தள்ளி நின்று மரியாதையாகச் சொன்னேன்.

"ஒங்க பாப்பா எல்லாப் பிள்ளைகளையும் தள்ளி விடுதுங்க. கொஞ்சம் கூப்பிட்டு வச்சுக்கிறீங்களா?"

அவர் திரும்பாமலே, "பிள்ளைகன்னா அப்பிடித்தாங்க இருக்கும். அதுகளாச் சரியாயிரும். இவன் இப்பத்தான் தூங்குறான்" என்றார். குரலில் களைப்பு. அவர் மேல் தப்பு சொல்லவில்லை. தனியாக இரண்டு பிள்ளைகளோடு அந்தக் கூட்டத்தில் யாருக்குத்தான் முடியும்?

திரும்பி வந்து பிளெஸ்ஸியிடம் குனிந்தேன். "அம்மா கூப்பிடுறாங்க பாப்பா."

"எங்க இருக்காங்க அங்கிள்?"

"கீழ."

உடனே என் கையைப் பிடித்துக்கொண்டது. யாரும் சொல்லாமலே, தானாக. சின்னக் கை, வியர்த்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது ஒரு கணம் எனக்குக் கண் கலங்கியது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வாசலில் ராசாத்தி கேட்டார். "நேரம் இருக்கே சார், பட்டைய அவுக்கணுமா?"

"வேணாம், இப்பத் திரும்பி வந்துரும். நான் சித்தப்பா."

அவர் கதவைத் திறந்தார். ஆகவே அவர் உங்களிடம் சொன்ன நீலச் சட்டைக்காரர் உண்மையான ஆள்தான், அது நான். கேமரா கல்லாப்பெட்டியைப் பார்த்தபடி இருந்ததால் யாரும் நம்பவில்லை. முதலாளியே அவர் பொய் சொல்வதாகச் சொல்லிவிட்டார். அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஆனாலும் அவர் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம். நான் மறைக்கிற ஆள் இல்லை.

பிள்ளையைக் கதவுக்கு வெளியே, மாடிப்படிக்குப் பக்கத்தில் செருப்பு வைக்கிற இடத்தில் நிறுத்தினேன். "இங்கயே நில்லு பாப்பா" என்றேன். கீழே இறங்கச் சொல்லவில்லை. பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம் அங்கே நின்றால் போதும் என்றுதான் நினைத்தேன். அம்மா கீழே இருப்பதாக நான்தான் சொல்லியிருந்தேன் என்பது அப்போது என் ஞாபகத்தில் இல்லை.

ராசாத்தி வேறு பிள்ளைகளுக்குப் பட்டை கட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே வந்தேன். காவ்யா ஏணியில் ஏறிக்கொண்டிருந்தாள். அடியில் போய் நின்றேன். வந்து விழுந்தாள், என் இரண்டு கைக்குள். சிரித்தாள். பல் எல்லாம் தெரியச் சிரித்தாள்.

கொஞ்ச நேரத்தில் அடைக்கலமேரியின் குரல் கேட்டது. "பிளெஸ்ஸி, பிளெஸ்ஸி" என்று முதலில் மெதுவாக, பிறகு பெரிதாக. பாட்டை நிறுத்தவில்லை. அவர் என்னிடமும் வந்தார். சற்று முன் பேசிய ஆள் என்பதால் வந்திருப்பார். "எம்பிள்ளையப் பாத்தீங்களாங்க?"

நான் சொன்னேன். "பந்துக்குள்ள பாத்தீங்களா? அடியில மாட்டிக்கிட்டிருக்கும்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், ஏதாவது சொல்ல வேண்டும், அதனால் சொன்னேன். அவர் கைக்குழந்தையை யாரோ ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு, சேலையோடு பந்துகளுக்குள் இறங்கினார். இரண்டு கையாலும் வாரி வாரிப் போட்டார். மற்ற பெற்றோர்களும் இறங்கினார்கள், வாசலில் இருந்த ராசாத்தியைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பிள்ளைகளையெல்லாம் வெளியே இழுத்தார்கள். எல்லோரும் அந்தப் பக்கம் போனதால் சறுக்குக் குழாயில் ஒருவரும் இல்லை. காவ்யாவுக்கு வரிசையே இல்லை. ஏறுவாள், வருவாள், ஏறுவாள், வருவாள். ஒரு தடவை குழாய்க்குள்ளிருந்தே, "அப்பா, வாரேன்" என்று கத்தினாள். போன் அப்பா இல்லை. அப்பா.

அந்த இருபது நிமிஷம் நான் சந்தோஷமாக இருந்தேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

பிறகு யாரோ மாடிப்படியில் ஓடிவந்து ரோட்டில் ஒரு பிள்ளை அடிபட்டுக் கிடப்பதாகச் சொன்னார். அடைக்கலமேரி ஓடினார், செருப்பு இல்லாமல். மினி லாரிக்காரர் மெதுவாகத்தான் வந்தாராம். பிள்ளை திடீரென்று குறுக்கே வந்துவிட்டதாம். அவரும் பாவம். நான் காவ்யாவின் கண்ணைப் பொத்திக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன். பஸ்ஸில் அவள் என் மடியில் தூங்கிவிட்டாள். கீரனூர் வரும் வரை நான் அசையவே இல்லை.

இது வெளியே வந்தது நேற்று. தோசை சாப்பிடும்போது காவ்யா அவள் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள்.

"அந்த அக்காவ அப்பாதாம்மா வெளிய கூட்டிட்டுப் போனாங்க. அப்பொறம் அவங்க மட்டும் வந்தாங்க. என்னையும் அப்பிடி வுட்டுட்டு வந்துருவாங்களா?"

சத்யபிரியா என்னிடம் வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். இன்று காலை உங்களிடம் வந்தாள். அவள் செய்தது சரிதான். அடுத்த திங்கட்கிழமை வந்திருந்தால், லீவு முடிந்து நான் கத்தாரில் இருந்திருப்பேன்.

பிள்ளை கீழே போனது எனக்குத் தெரியாது என்று காலையில் சொன்னேன் அல்லவா, அதில் ஒரு திருத்தம் இருக்கிறது.

சறுக்கின் அடியில் ஒரு ஜன்னல். கண்ணாடி முழுக்க மீன் படம் ஒட்டியிருந்தார்கள், ஓரத்தில் ஒரு கை அகலத்துக்கு இடைவெளி. பந்துகளை அவர்கள் வாரிக்கொண்டிருந்தபோது அதன் வழியாகப் பார்த்தேன். மஞ்சள் கவுன் ரோட்டுக்கு அந்தப் பக்கம், மூடியிருந்த ஒரு கடை ஷட்டரை ஒட்டி நின்றது. எப்படித் தாண்டிப் போனது என்று தெரியவில்லை. அழுதுகொண்டிருந்தது. தலையைத் தூக்கி இந்தக் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பி வரத்தான் போகிறது என்று பார்த்தாலே தெரிந்தது. நான் ஒரு குரல் கொடுத்திருந்தால் பத்துப் பேர் ஓடியிருப்பார்கள். அப்போது காவ்யா மேலேயிருந்து கூப்பிட்டாள். திரும்பினேன், பிடித்தேன். மறுபடி ஜன்னலைப் பார்த்தபோது ரோட்டில் கூட்டம் கூடியிருந்தது. மஞ்சள் நிறம் தெரியவில்லை.

"இன்னொரு வாட்டிப்பா" என்றாள்.

சரி, ஏறு என்றேன். ஐந்து வயதுப் பிள்ளை, மேடம். அது பயந்துவிடக் கூடாது என்று நினைப்பதுதானே ஒரு தகப்பனின் கடமை?