வெருளி பார்க்கும் திசை

“பக்கத்துக் காணிக்காரி தோட்டத்து வெருளிப் பொம்மையை என்ர வீட்டைப் பார்க்க நட்டு வைச்சிருக்கிறாள்.”

மூதூர் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த சம்பூர்ப் பெண், தோழியிடம் சொன்னாள்.

“கண்ணூறுக்கு வைக்கிறதுதானே, அக்கா.”

“அப்ப என்ர கண்தானோ கூடாத கண்? நானும் கச்சான் கடலைதான் போட்டனான், முழுக்கப் பூச்சி. அவள் கச்சானுக்க சோளம், வேலியில பயற்றங்கொடி, மூலையில கோழி எண்டு கலந்து வைச்சிருக்கிறாள். ஒண்டு போனாலும் மற்றது நிக்குது. இப்ப ஊர்ப் பிள்ளையளுக்கும் பழக்குறாள்.”

“உங்கட மகளும் அவளிட்டப் பழகப் போறவள் எல்லோ?”

“ஓம்.”

பஸ் கிண்ணியாப் பாலத்தைக் கடந்ததும் தோழி கேட்டாள்.

“வெருளி ஆர் கட்டினதெண்டு மகள் சொல்லேல்லையோ?”

“சொன்னவள். தகப்பன்ர பழைய சட்டையைப் போட்டுத் தான்தானாம் கட்டினது. எங்கட வீட்டுப் பக்கம் திருப்பி விட்டதும் தானாம்.”