ஏழாற்றில் ஒரு கள்ளுக்கடை

இந்த ரெங்கம் எஸ்டேட்டு மழைக்குக் காகிதம் தாங்காது, ஐயா. ஒரே மாதத்தில் பூஞ்சை பூத்துப்போகும். அதனால்தான் என் படங்களைப் புகைக்கூடத்துப் பரணில் வைத்திருந்தேன். ரப்பர் ஷீட் காயும் சூட்டில் அவை அப்பளம் மாதிரி மொறமொறவென்று இருந்தன.

என் பெயர் காளியப்பன். எஸ்டேட்டில் புகைக்கூட அடுப்புக்கு விறகு போடுவது என் வேலை. வரைவதற்கு யாரும் சொல்லித் தரவில்லை. பெட்டிக் காகிதத்தின் பின்புறம் கரி, மஞ்சள், சுண்ணாம்பு கொண்டு பதினோரு வருடமாக ஒரு தேசத்தை வரைந்தேன். ஏழாறு என்று பெயர். நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள். கங்காணி கிடையாது, கள்ளுக்கடை கிடையாது. எந்த வீட்டில் என்ன குழம்பு என்பதுகூட எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் எதுவும் தெரியாது.

ஐயாசாமி என்னோடு வேலை பார்த்தவர். தங்கமான மனிதர். எனக்குக் காய்ச்சல் கண்டபோது அவர் மனைவி ராசம்மா மூன்று நாள் கஞ்சி கொடுத்தனுப்பினாள். ஒரு ஞாயிறு நான் கடைக்குப் போய்த் திரும்பினால், என் தேசம் முழுவதையும் தரையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அம்புட்டும் அழகுப்பா. ஒன்னுதான் குறைஞ்சுது, நானே போட்டுட்டேன்” என்றார்.

மூன்றாவது ஆற்றங்கரையில் ஒரு கள்ளுக்கடை. வாசலில் ஒருவன் தொடையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். என் ஜனங்கள் எல்லோரும் நேராக நிற்பவர்கள்.

நான் கோபப்படவில்லை. ஒரு தேசம் என்றால் சட்டம் வேண்டும், அவ்வளவுதான். கடையை அழித்துப் பார்த்தேன், காகிதம்தான் கிழிந்தது.

மறுநாள் மத்தியானம் ஷீட்டுகளைத் திருப்பிப் போட அவர் புகைக்கூடத்துக்கு உள்ளே போனார். நான் வெளியே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, அடுப்பில் ஈர விறகை இரண்டு பங்காக அடுக்கினேன். கொஞ்ச நேரம் கதவைத் தட்டினார். தாழ்ப்பாள் தானாக விழுந்துவிட்டது என்று நினைத்தார் போலிருக்கிறது. திறக்கச் சொல்லிப் பொறுமையாகவே கேட்டார். பிறகு தட்டவில்லை. நான் சாயங்காலம்வரை விறகு போட்டேன்.

இன்று காலை ராசம்மாவை இந்த ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்தீர்கள். அவள் அழவில்லை.

“அவரு உங்கள என்னண்ணே செஞ்சாரு?” என்று மட்டும் கேட்டாள்.

சட்டத்தை விளக்கத்தான் வாயைத் திறந்தேன்.

“ஒன்னும் செய்யலம்மா” என்றேன். “என்னைவிட நல்லா வரைஞ்சாரு.”