பெரிய டிரம்மில் ஒரு அடி

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் ஒரு பெண்ணும் அவள் கொழுந்தனும்.

“அந்த டிரம் செட்டு வூட்ல கீற வரிக்கும் எனக்கு சோறு எறங்காது. வித்துடுப்பா.”

“இன்னா அண்ணி இப்டி சொல்ற? அந்தக் காலத்து செட்டு. அண்ணன் கொழந்த மாதிரி தொடச்சி வெச்சிக்கினு இருந்தாரு. அவருதான் போய்ட்டாரு, அதுவாவது இருக்கட்டும்.”

“கச்சேரி முடிஞ்சி வந்ததும் பெரிய டிரம்ல ஒரு அடி அடிப்பாரு. சோறு போடுன்னு அர்த்தம்.”

“தெரியும் அண்ணி.”

“நேத்து பூனை எலிய தொரத்திக்கினு போயி அதுல மோதிச்சி. சத்தம் கேட்டதும் எந்திரிச்சி போயி தட்டு வெச்சிட்டேன்பா.”

கொழுந்தன் சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார்.

“சரி அண்ணி. நாளைக்கே ஆள வரச் சொல்றேன்.”

“நாளைக்கேவா?” என்றாள் அவள்.