மழையில் மங்காத கண்ணாடி

மழை பெய்கிறது. நல்ல மழை. ஓடலாம் என்கிறார்கள்.

"குனிஞ்சு ஓடு! நிக்காதை! நிக்காதை!"

மதிலுக்குப் பின்னால் பதினாறு பேர் நிற்கிறோம். முன்னால் தரவை. அறுபது யார் வெளி. அதற்கு அப்பால் தேவாலயம். அங்கேதான் ஊர்ச்சனம் முழுவதும். வடக்கே முகாம். முகாமுக்குள் தண்ணீர்த் தாங்கி. தாங்கியின் மேல் மணல் மூட்டைகள். மூட்டைகளுக்கு நடுவே ஒரு கறுத்த இடைவெளி. அதற்குள் ஒரு துவக்கு. துவக்கின் மேல் குறி பார்க்கும் ஒரு கண்ணாடி. இரண்டையும் எங்களில் எவரும் கண்டதில்லை. அவற்றின் வேலையைக் கண்டிருக்கிறோம்.

தொண்ணூறாம் ஆண்டு. ஐப்பசி. செவ்வாய்க்கிழமை. காலை ஆறே முக்கால். இரவு விழுந்த ஷெல்களை எண்ணினேன். நாற்பத்தொன்று. கடைசி ஷெல் எங்கள் குசினியில் விழுந்தது. இனி வீட்டில் இருக்க முடியாது.

வழமையான ஒற்றையடிப் பாதையில் வெள்ளம் நிற்கிறது. அதனால் முதன்முறையாகக் கிழக்குப் பக்கத்தால் ஓடுகிறோம். ஒற்றைப் பனையைக் கடந்து போகும் வழி. ஆறு பேர் போய்விட்டார்கள். என் மகள் றீற்றா ஆறாவது ஆள். வெடிச் சத்தமில்லை. ஏழாவது என் மனைவி புஷ்பம். எட்டாவது நான்.

புஷ்பத்தின் ஒரு கையில் கேத்தில். மறு கையில் வெள்ளைத் தலையணை உறை. அந்த நாட்களில் பெண்கள் எல்லோரும் வெள்ளைத் துணி ஒன்று வைத்திருந்தார்கள். ஈரச் சேலை காலில் சுற்றுகிறது. ஓடுகிறாள். பனையடிக்குப் போய்விட்டாள்.

சவுக்கால் அடித்தது போல் ஒரு சத்தம். பனையில் சிராய் தெறிக்கிறது. பிறகு தூரத்தில் "டொம்". இரண்டுக்கும் இடையில் அரைச் செக்கனுக்குச் சற்றுக் கூட. நான் பௌதிகம் படிப்பித்தவன். நானூறு மீற்றர் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது.

"ஓடம்மா! ஓடு!" மதிலடியில் எல்லோரும் கத்துகிறோம்.

அவள் ஓடவில்லை. நின்றாள். முகாமின் பக்கம் திரும்பினாள். கேத்திலைக் கீழே வைத்தாள். தலையணை உறையை இரண்டு கையாலும் விரித்து நெஞ்சுக்கு முன்னால் பிடித்தாள்.

ஏன் நின்றாள் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கண்ணாடியைப் பற்றி ஊரில் ஒரு கதை இருந்தது. ரஷ்ய மாதிரி, ஆனால் வேறெங்கோ செய்த மலிவுச் சாமான். மழைக்குப் புகார் பிடித்து மங்கும். குளிருக்குப் பற்றறி செத்துப்போகும். நாலு வெடி வைத்தால் குறி விலகும். யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது. சந்தையில் சொன்னார்கள். கோயிலில் சொன்னார்கள். நானும் சொன்னேன். அதனால்தான் மழைக்காகக் காத்திருந்து ஓடினோம். புஷ்பம் நினைத்தாள், தான் ஒரு பெண் என்று மங்கின கண்ணாடியில் சுடுகிறவனுக்குத் தெரியவில்லை, அசையாமல் நின்றால் தெரியும் என்று.

ஒரு "அருள் நிறைந்த மரியே" சொல்லி முடிக்கும் நேரம் நின்றாள். மதிலுக்குப் பின்னால் யாரோ அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆமென் சொல்ல முன் இரண்டாவது சவுக்குச் சத்தம். பிறகு "டொம்".

பின்னேரம் நாலு மணிக்குப் பங்குச் சுவாமி வெள்ளைக் கொடியோடு நடந்து போய் அவளைத் தூக்குவித்தார். மழை விட்டிருந்தது. கேத்தில் வைத்த இடத்திலேயே இருந்தது.

அடக்கம் முடிந்த அன்று சுவாமி சொன்னார். "மாஸ்டர், அவனுக்கு ஒண்டும் தெரிஞ்சிருக்காது. மழை. உருவம் ஒண்டு அசைஞ்சிருக்கும். அவ்வளவுதான்." அயலவர்களும் அதையே சொன்னார்கள். றீற்றா அதைப் பிடித்துக்கொண்டாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் சாப்பிட்டாள், படுத்தாள், கொழும்புக்கு வந்தாள், கனடாவுக்கு வந்தாள். ஒவ்வோர் ஆண்டும் தாயின் நினைவுத் திருப்பலியில் மன்றாட்டை அவளே வாசிப்பாள். "அம்மாவின் ஆன்மாவுக்காகவும், தெரியாமல் சுட்டவருக்காகவும்." நானும் ஆமென் சொல்லி வந்தேன்.

தொண்ணூற்றாறு. ரொறன்ரோ. சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாவது மாடி. வைகாசி மாதம்.

மருமகன் ஜெராட் வேலையிலிருந்து வருகிறார். கையில் ஒரு பச்சைத் துணிப் பை. அவரோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் ஓலெக் என்ற உக்ரேன்காரர் விற்றதாம். ஏரியில் கப்பல் பார்க்கலாமாம். பையைத் திறக்கிறார். கறுப்பு உலோகக் குழாய். ஒரு சாணும் நாலு விரலும் நீளம். கண் வைக்கும் இடத்தில் கறுத்த இறப்பர். கீழே துவக்கில் பூட்டும் கொளுவி.

கையில் எடுத்தேன். கனமாக இருந்தது. தாங்கியின் மேல் இருந்தது இந்த வகைக் கண்ணாடிதான் என்று எவரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு வேறு வேலை இல்லை. ஊர்க்கதை உண்மையா என்று பார்க்க வேண்டும். முதலில் குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி அமிழ்த்தினேன். ஒரு மணித்தியாலம். குமிழி வரவில்லை. பிறகு பிறிட்ஜின் மேல் பெட்டியில் வைத்தேன். ஓர் இரவு. காலையில் எடுத்துக் கொதிக்கும் கேத்திலின் ஆவியில் பிடித்தேன். உடனே கண்ணாடி வெள்ளையாகியது. என் மனம் ஆறியது. ஊர்க்கதை சரி.

கட்டியிருந்த சாரத்தின் நுனியால் ஒரு முறை துடைத்தேன். தெளிந்துவிட்டது. புகார் வெளியேதான். உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை.

நம்ப முடியவில்லை. மீண்டும் வைத்தேன். மீண்டும் எடுத்தேன்.

"மாமா, ஏழாந்தரமும் பிறிட்ஜுக்குள்ள வைச்சாச்சு" என்றார் ஜெராட். "மீனுக்குப் பக்கத்தில. உறைஞ்ச விளைமீன் எங்கையும் ஓடாது. குறி பார்க்கத் தேவையில்லை."

"பற்றறி செத்துப் போச்சு" என்றேன்.

"அப்ப சந்தோசமோ?"

சந்தோஷமில்லை. பற்றறி உள்ளே கோடுகளைச் சிவப்பாக ஒளிர வைப்பதற்கு மட்டும். பகலில் அது வேண்டியதில்லை. நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்தச் சாமானில் குறைகள் உண்டு. வட்டத்தின் ஓரம் கலங்கித் தெரியும். வெள்ளை நிறம் சற்று மஞ்சளாகத் தெரியும். பூச்சு நகத்தால் சுரண்ட வருகிறது. திருகு ஒன்று இறுக்கமில்லை. இவை எதுவும் ஒருவரின் உயிரைக் காப்பாற்றும் குறைகள் அல்ல.

ஞாயிற்றுக்கிழமை ஓலெக் தேநீர் குடிக்க வந்தார். சோவியத் படையில் இரண்டு ஆண்டு கட்டாயச் சேவை செய்தவர். பெரிய கை. சின்னச் சிரிப்பு. எங்கள் ஆங்கிலமும் அவருடைய ஆங்கிலமும் ஒரே அளவு நொண்டியது. அதனால் நன்றாக விளங்கியது.

"நல்ல சாமான்" என்றார். "சேற்றில் போடு. ஆற்றில் போடு. இது பொய் சொல்லாது."

"எங்கள் நாட்டில் இருந்தது வேறு தேசத்தில் செய்தது."

"அச்சு ஒன்றுதான். அதுவும் வேலை செய்யும்."

உள்ளே இருக்கும் கோடுகளைக் காட்டினார். அடியில் ஒரு நேர்கோடு. அதன் மேல் சரிந்து இறங்கும் ஒரு வளைகோடு. வளைகோட்டில் இரண்டு, நாலு, ஆறு, எட்டு, பத்து என்று எண்கள். ஆளின் பாதத்தை நேர்கோட்டில் வை. தலை வளைகோட்டில் எங்கே முட்டுகிறது என்று பார். நாலில் முட்டினால் நானூறு மீற்றர். அந்தத் தூரத்துக்குத் திருகைத் திருப்பு. அவ்வளவுதான்.

"எவ்வளவு உயரமான ஆளுக்கு?" என்று கேட்டேன்.

"ஒன்று தசம் ஏழு மீற்றர். படைவீரன்."

மனதில் மாற்றினேன். ஐந்தடி ஏழு அங்குலம். புஷ்பம் நாலடி பத்து.

"ஆள் கட்டை என்றால்?"

ஓலெக் சிரித்தார். "அப்போது தூரத்தில் நிற்பதாகக் கண்ணாடி நினைக்கும். முதல் வெடி மேலால் போகும். நல்ல சூட்டாளன் உடனே விளங்கிக்கொள்வான். ஓ, இது சின்ன ஆள். பெண், இல்லையென்றால் பிள்ளை. இரண்டாவதைக் கீழே இறக்குவான்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. கோப்பையை வைத்தார்.

"மாமியை அப்பிடித்தான்" என்று ஜெராட் தமிழில் மெல்லச் சொன்னார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். ஓலெக் எழுந்து நின்றார். தான் விற்ற சாமானைத் திருப்பிக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இன்னும் ஒரு சோதனை இருந்தது.

அந்தப் பனையை நான் பார்த்திருக்கிறேன். அடக்கம் முடிந்து ஒரு கிழமையில், முகாம் அமைதியாக இருந்த ஒரு நாளில், போய்ப் பார்த்தேன். அவள் நின்றது பனையோடு ஒட்டி. முதல் வெடியின் ஓட்டை அவள் தலை இருந்த இடத்துக்கு மேல் ஒரு சாணில். குறி தவறிய வெடி என்றுதான் அன்று நினைத்தேன். கண்ணாடி மோசம் என்பதற்கு அதையே சாட்சியாக ஆறு வருடம் சொல்லி வந்தேன்.

ஓலெக் வந்து போன அடுத்த நாள் மழை. ரொறன்ரோவில் அப்படி மழை பெய்வது குறைவு. நல்ல மழை. பல்கனிக் கதவைத் திறந்தேன்.

"மாமா! வேண்டாம்! உள்ள வாங்கோ!" ஜெராட் கத்துகிறார். "முன் கட்டடத்துக்காரர் கண்டால் பொலீசுக்குப் போன் அடிப்பினம்! துவக்கெண்டு நினைப்பினம்!"

கதிரையில் இருந்துகொண்டு கம்பிகளுக்கு இடையால் பார்க்கிறேன். கீழே தெரு. தூரத்தில் பஸ் தரிப்பிடம். வரைபடத்தில் முன்பே அளந்து வைத்திருந்தேன். நானூறு மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. கண்ணாடியில் மழைத்துளி. பெருவிரலால் வழித்தேன்.

ஒரு பெண் நிற்கிறாள். எங்கள் சனம். சேலைக்கு மேல் குளிர் ஜாக்கெற். கையில் பிளாஸ்ரிக் பை. பையில் வாழையிலை நீட்டிக்கொண்டிருக்கிறது. காதில் தொங்குவது தெரியவில்லை. ஆனால் அவள் தலையைச் சரித்து மழைக்கு முகம் சுளிப்பது தெரிகிறது. பையைக் கை மாற்றுகிறாள். அது தெரிகிறது. கட்டையான பெண்.

இந்தக் கண்ணாடி நாலு மடங்கு பெருப்பித்துக் காட்டும். நானூறு மீற்றர் நூறு மீற்றராகிறது. நூறு மீற்றரில் வருவது உங்கள் தாய் என்றால் உங்களுக்குத் தெரியாதா?

அவள் பாதத்தை நேர்கோட்டில் வைத்தேன். தலை நாலைத் தாண்டி ஆறின் பக்கம் போய் முட்டியது. என் கண்ணாடிக்குள் ஒரு பெண்ணை அளந்துகொண்டிருந்தேன். குழாயை மடியில் வைத்தேன்.

பின்னால் றீற்றா நிற்கிறாள். எப்போது வந்தாள் என்று தெரியாது.

"அப்பா. மழைக்குத் தெரியுதோ?"

மங்கலாக இருக்கிறது என்று சொல்லலாம். ஒரு சொல். அவளுக்கு அது போதும். அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்த நாளிலிருந்து என்னிடம் கேட்ட கணக்கு எதற்கும் நான் பிழையான விடை சொன்னதில்லை.

"ஓம்" என்றேன். "தெரியுது."

"பொம்பிளை எண்டு?"

"ஓம்."

"வெள்ளைத் துணி?"

"ஓம், பிள்ளை."

அவள் கையை நீட்டினாள். கொடுத்தேன். பார்க்கவில்லை. பச்சைப் பைக்குள் வைத்துக் கயிற்றை முடிந்தாள். "ஈரமாகிப் போச்சு. சளி பிடிக்கும். உள்ள வாங்கோ" என்றாள்.

ஐப்பசியில் நினைவுத் திருப்பலி வந்தது. மன்றாட்டு வாசிக்க எழுந்தாள். நான் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஆண்டு அவனை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். விட்டுவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

"அம்மாவின் ஆன்மாவுக்காகவும்" என்றாள். நிறுத்தினாள். மைக்கில் அவள் மூச்சு கேட்டது. "அம்மாவைக் கண்டு சுட்டவருக்காகவும்."

சனம் ஆமென் சொன்னது. என் வாய் திறக்கவில்லை. இன்றுவரை திறக்கவில்லை.

இதை வாசிக்கிறவர்கள் மறக்கக் கூடாது. அதனால் எழுதி வைக்கிறேன்.

முகாம் இருந்த காலம் முழுவதும் அந்தத் தரவையில் விழுந்தவர்கள் பதினொரு பேர். பெண்கள் ஆறு. ஆண்கள் மூன்று. பிள்ளைகள் இரண்டு. வெயிலில் விழுந்தவர்கள் நாலு. மழையில் விழுந்தவர்கள் ஏழு. மழையில் விழுந்த ஏழு பேரும் அந்தக் கண்ணாடி மங்கும் என்று நம்பி ஓடினவர்கள். கையில் வெள்ளைத் துணி இருந்தவர்கள் ஐந்து. அசையாமல் நின்று காட்டியவள் ஒருத்தி.

ஷெல்லில் எனக்கு அழிந்தவை: வீடு ஒன்று. கிணறு ஒன்று. ஒரு பள்ளிக்கூடத்தின் ஆய்வுகூடம். அதற்குள் இருந்த கண்ணாடி வில்லைகள், அரியங்கள் முழுவதும்.

தாங்கியின் மேலிருந்து எங்களைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது. ஒருவர் என்று எழுதுகிறேன். அவருக்கு எல்லாம் தெரிந்தது.