நீல மூடிக்குள்ள ஊத்துறது

அது ஒண்ணும் ரகசியம் இல்ல தம்பி, வண்டி வாங்க வர்றவங்க எல்லாரும் அதைத்தான் முதல்ல கேக்குறாங்க. எவ்வளவு டீசல் குடிக்கும்னு இப்பல்லாம் யாரும் கேக்குறதில்ல, டெஃப், அதான் புகையைச் சுத்தம் பண்ண நீல மூடிக்குள்ள ஊத்துறது, அது எவ்வளவு குடிக்கும்னுதான் கேக்குறாங்க. வெறும் வண்டியா ஓட்டினீங்கன்னா ரெண்டரை காலன் டப்பா ஒண்ணு ஆயிரம் மைலுக்கு மேல வரும். பின்னாடி மாட்டு ட்ரெய்லரைக் கட்டி இழுத்தீங்கன்னா அதுல பாதி வந்தாலே பெரிசு. நீங்க என்ன, வைக்கோல் இழுக்கத்தான? அப்ப கையில எப்பவும் ரெண்டு டப்பா இருக்கட்டும். வெளிய வைக்காதீங்க, நம்ம ஊர் குளிருக்குப் பாறையா உறைஞ்சு போயிரும். நான் இந்தா, பூட்ஸ் கழட்டுற இடத்துலதான் வச்சிருப்பேன்.

கழட்ட வேணாம், அப்படியே வாங்க. தரை ஏற்கெனவே நாறிக்கிட்டுதான் கெடக்கு. காப்பி இருக்கு, காலையில போட்டதுதான்.

எங்க வீட்டுக்காரரு வெர்லினுக்கு அந்த டப்பாவைக் கண்டாலே ஆகாது. புகைக்கு மருந்துன்னுதான் சொல்வாரு. நானும் ஒரு நாளைக்கு ஆறு மாத்திரை முழுங்குறேன், என் வண்டியும் மருந்து குடிக்குது, ரெண்டு பேரையும் ஒரே டாக்டர்கிட்ட காட்டிருடி அப்படிம்பாரு. சிரிச்சுக்கிட்டுச் சொல்றாருன்னு நெனைக்காதீங்க. மருந்து கம்மியா இருக்குன்னு அந்த விளக்கு எரிஞ்சு டிங்கு டிங்குன்னு அடிச்சா, மனுஷன் ஸ்டியரிங்கைப் போட்டுக் குத்துவாரு. அவருக்கு நெஞ்சு ரத்தக்குழாய்ல ரெண்டு இடத்துல கம்பிச்சுருள் வச்சிருந்துச்சு. கோவமே படக்கூடாதுன்னு டாக்டர் எங்கிட்டதான் சொன்னாரு, அந்த வண்டிகிட்ட சொல்லல.

அந்த மருந்துத் தொட்டியையே கழட்டி எறியலாம்தான். எறிஞ்சுட்டு கம்ப்யூட்டரை ஏமாத்தி ஓட்டுறவங்க இந்த ஜில்லாவுல பாதிப் பேரு. எங்க பையன் டெரிக் ஒத்துக்கல. சட்டத்துக்கு ஆகாதும்மா, பிடிச்சா வண்டியை விட அபராதம் பெரிசா இருக்கும்னான். சரி, சட்டத்தை மதிச்சோம். சட்டம் நம்மளை எங்க மதிச்சுது? எங்கயோ குளிர் தெரியாத ஊர்ல ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு எழுதியிருக்கான், மருந்து இல்லன்னா வண்டி போகக்கூடாதுன்னு. நின்னு தொலைஞ்சாலும் பரவாயில்ல, நிக்காது. இத்தனை மைல் பாக்கி, இத்தனை மைல் பாக்கின்னு எண்ணிக்கிட்டே வரும். பூஜ்யம் ஆச்சுன்னா, அடுத்த தடவை ஸ்டார்ட் பண்ணும்போது மணிக்கு அஞ்சு மைல். அதுக்கு மேல நீங்க எந்திரிச்சு நின்னு மிதிச்சாலும் போகாது. நானூறு குதிரை பலம்னு சொல்லித்தான் வித்தாங்க.

ஆமா, ஒரு தடவை ஆச்சு. ஒரே தடவை. அதைக் கேட்டுட்டு வாங்குறதா வேணாமான்னு முடிவு பண்ணிக்கங்க. மறைச்சு விக்குற பழக்கம் எங்களுக்கு இல்ல.

ரெண்டு வருஷம் முன்னாடி, ஜனவரி. டெரிக் அப்ப எண்ணெய்க் கெணத்துல வேலை, ரெண்டு வாரம் அங்க, ரெண்டு வாரம் இங்க. மருந்து ஊத்துறது அவன் பொறுப்பு. கெளம்புறதுக்கு முன்னாடி நெறைய ஊத்தி வச்சுட்டுத்தான் போவான். அந்தத் தடவை கூட வேலை பாக்குறவங்க வேன் வாசல்ல வந்து ஹாரன் அடிக்கவும், பையைத் தூக்கிக்கிட்டு ஓடிட்டான். அவன் இல்லாத ரெண்டு வாரமும் பனி. பக்கத்து வீட்டுக்காரங்க, பக்கம்னா நாலு மைலு, குளிருக்குப் பயந்து அரிசோனா போய் உக்காந்துக்கிட்டாங்க. வருஷா வருஷம் போவாங்க, காசு இருக்கு.

அவன் திரும்பி வந்த மறுநாள் காலையில, மாட்டுக்குத் தீனி போட்டுட்டு வந்தவரு தொழுவத்துக் கதவைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்துட்டாரு. மொகம் சாம்பலா இருக்கு. ஆம்புலன்ஸுக்கு அடிச்சோம். நம்ம ஆம்புலன்ஸ் எப்படின்னு உங்களுக்கே தெரியும், ஒருத்தர் ஸ்கூல் பஸ் ஓட்டுறவரு, ஒருத்தி பேங்க்ல வேலை, ஆளைச் சேக்கவே இருபது நிமிஷம். ரோட்டுல பனி மூடிக் கெடக்கு, மண் ரோட்டுக்குள்ள வந்தா சிக்கிக்குவோம், நீங்க ஹைவே முனைக்குக் கொண்டாந்துருங்கன்னாங்க. பதினேழு மைலு. என் கார் பனியில புதைஞ்சு கெடக்கு. இந்த வண்டிதான் போகும். அவரைப் பின்சீட்டுல படுக்க வச்சு, தலையை என் மடியில வச்சுக்கிட்டேன்.

ஸ்டார்ட் பண்ணினான். அஞ்சு மைலு.

நீங்க அந்த வேகத்துல ஒரு மைல் போயிப் பாருங்க தம்பி. வேலிக் கம்பு ஒண்ணொண்ணா எண்ணலாம். டெரிக் அடிக்கிறான், மிதிக்கிறான், ஐயோ மருந்து ஊத்த மறந்துட்டனேம்மா, வீட்டுல டப்பா இருக்கான்னு கேக்குறான். காலி டப்பாதான் இருக்குன்னேன். நாலாவது மைல்ல, என்னடி ஊர்வலம் போறீங்களான்னு கேட்டாரு. அதுதான் கடைசியாப் பேசினது. பனி தள்ளுற வண்டி முன்னாடி வர, பின்னாடியே ஆம்புலன்ஸ் எங்களைத் தேடிக்கிட்டு வந்தப்ப நாங்க ஏழு மைல் கூட தாண்டல. அவரு போயிச் சேர்ந்துட்டாரு.

பரவாயில்ல, குடிங்க. ஆறிப்போச்சுன்னா சூடு பண்ணித் தர்றேன்.

அடக்கம் முடிஞ்சு சர்ச்சுக்குக் கீழ் ரூம்ல சாப்பாடு போட்டாங்க. எல்லாரும் ஆளுக்கொரு தட்டோட வந்து, நல்ல மனுஷன், நல்ல மனுஷன்னுக்கிட்டு இருக்காங்க. அப்ப ஒரு பொம்பள, பேரு எதுக்கு, ஏன் அந்த வண்டிக்கு என்னாச்சுன்னு கேட்டா. அவ்வளவு பேரு முன்னாடி நான் டெரிக்கைக் கைகாட்டினேன். இவன் மறதிதான் அவங்கப்பனைக் கொன்னுச்சுன்னேன். அவன் கையில இருந்த உருளைக்கெழங்குத் தட்டை மேஜை மேல வச்சுட்டு, கோட்டை மாட்டிக்கிட்டுப் போயிட்டான். இப்ப அந்த எண்ணெய்க் கெணத்துப் பக்கமே, வில்லிஸ்டன் ஊர்ல இருக்கான். இங்க வந்து ரெண்டு வருஷம் ஆச்சு.

வண்டி பழுதெல்லாம் இல்ல. அப்பவே மைனாட் டவுன் ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துட்டுப் போயி, மருந்துத் தொட்டி, பம்பு, உள்ள மருந்தைச் சோதிக்கிற கண்ணு, எல்லாம் புதுசு மாத்தியாச்சு. அதுக்கப்புறம் நான் தபாலாபீஸுக்குத்தான் எடுத்துட்டுப் போறேன். அதான் மைல் கம்மியா காட்டுது.

இந்தாங்க வண்டிக் காகிதம். அப்பா பேரும் பையன் பேரும் சேர்ந்து இருக்கு, அவன் கையெழுத்து இல்லாம விக்க முடியாது. தபால்ல அனுப்பி வச்சேன், நாலே நாள்ல போட்டு அனுப்பிட்டான். கூட ஒரு துண்டுச் சீட்டு வச்சிருந்தான். எப்படி இருக்கேன்னு இல்ல, ஒண்ணும் இல்ல. வாங்குறவர்கிட்ட மருந்து விஷயத்தை நல்லா எடுத்துச் சொல்லி அனுப்புங்கம்மா, நான் மறந்த மாதிரி அவரும் மறந்துறக் கூடாது. அவ்வளவுதான். அதுக்குத்தான் இவ்வளவு நேரம் உங்களைப் பிடிச்சு உக்கார வச்சுச் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

அவன் மறந்தது நெசம்தான். ஆனா வண்டி அஞ்சு மைலுக்கு வந்தது அதனால இல்ல தம்பி. அவன் வேலைக்குப் போயி ஆறாவது நாள் விளக்கு எரிஞ்சு அடிக்க ஆரம்பிச்சுது. இவரு குத்த ஆரம்பிச்சாரு. கடைக்கு முப்பது மைலு, ரோடு அடைச்சுக் கெடக்கு. டப்பாவுல அடியில கொஞ்சம்தான் இருந்துச்சு. டப்பா வர்ற அட்டைப்பெட்டியில எழுதியிருக்கான் பாருங்க, மூணுல ரெண்டு பங்கு தண்ணிதான்னு. பேட்டரிக்கு ஊத்துறோம், ரேடியேட்டருக்கு ஊத்துறோம். இதுக்கென்னன்னு குழாய்த் தண்ணியைப் பிடிச்சு அந்த டப்பாவை நெறைச்சு, நீல மூடியைத் தெறந்து முழுசா ஊத்திட்டேன். சத்தம் நின்னுச்சு. அவரும் அடங்கினாரு. சாமர்த்தியசாலின்னு என் முதுகுல தட்டினாரு. ரெண்டு நாள் கழிச்சு, மருந்து இல்ல தண்ணின்னு அந்தக் கண்ணு கண்டுபிடிச்சு, மைல் எண்ண ஆரம்பிச்சுது. தண்ணி கலந்து சரியாயிரும்னு நெனைச்சேன். டெரிக் வர்றதுக்கு முந்தின நாள் தபாலாபீஸ் போயிட்டுத் திரும்பும்போது பூஜ்யம் காட்டுச்சு. பாத்தேன். அணைச்சுட்டு எறங்கி வந்துட்டேன்.

மைனாட்டுல தொட்டியைக் கழட்டின மெக்கானிக் போன் பண்ணினான், உள்ள வெறும் தண்ணி இருக்கேம்மா, யாரு ஊத்தினதுன்னு கேட்டான். உன் வேலையைப் பாருன்னேன்.

தெரியாது. டெரிக்குக்கு எப்படித் தெரியும்?

அவன் நம்பர் இல்லாம என்ன, இருக்கு. போன மாசம் ஒரு தடவை அடிச்சேன். உடனே எடுத்தான். அம்மான்னான். நான் வச்சுட்டேன்.