துருப்பிடித்த ரத்தம்

கண்ணாடிக் குழாய் கழுவுவதற்கும் பொறுமை வேண்டும், ஐயா. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருபது வருஷம் இரும்புத் துரு சுரண்டிவிட்டுத்தான் கல்லூரி லேபில் இந்த வேலைக்கு வந்தேன்.

அங்கே அமலராணி என்று ஒரு ஆராய்ச்சிக்கார அம்மா. சில பேருடைய ரத்தமும் துருப்பிடிக்குமாம். குழாயில் ரத்த அணுவை விட்டுப் பெராக்சைடு ஊற்றுவார். அணு உடைந்தால் குழாய் முழுக்கச் சிவப்பு. தாங்கினால் அடியில் படியும். துருவைப் பற்றி எனக்கே பாடம். தாங்குகிற ரத்தத்துக்கு மாதிரி காட்ட வாராவாரம் என் கையில்தான் ஊசி, இரண்டு குழாய். அதன்மேல் பிச்சமுத்து என்று எழுதமாட்டார். 'நார்மல்' என்று எழுதுவார்.

எண்பத்து மூன்றில் எங்கள் கல்லூரி கிளார்க் கிளமென்டுக்கு மலேரியா. நல்ல மனுஷன், டீ வாங்கினால் எனக்கும் சேர்த்தே வாங்குவான். மலேரியா மாத்திரையும் பெராக்சைடு மாதிரிதான், துருப்பிடிக்கிற ரத்தத்தை உடைத்துவிடுமாம். அதை அவன் ரத்தம் தாங்குமா என்று டாக்டர் கேட்டு அனுப்பியிருந்தார். கிளமென்ட் குழாயின் லேபிளை உரித்து என் குழாய் ஒன்றில் ஒட்டினேன். அந்தம்மா படிப்புக்கு ரத்தம் யாருடையது என்று தெரிகிறதா என்று பார்க்கத்தான்.

தெரியவில்லை. "பிச்சமுத்து அண்ணே, கிளமென்ட் ரத்தம் அப்படியே உங்க ரத்தம் மாதிரி தாங்குது. மாத்திரை குடுக்கலாம்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டு வந்துடுங்க" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

அவர் கிளாஸுக்குப் போனதும், கிளமென்டின் நிஜ ரத்தத்தில் நானே பெராக்சைடு ஊற்றினேன். வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், குழாய் முழுக்கச் சிவப்பு. அதைச் சுத்தமாகக் கழுவிக் கவிழ்த்தேன். பிறகு டாக்டரிடம் போய் அந்தம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

மூன்றாம் நாள் அவனுக்கு மூத்திரம் டிகாஷன் மாதிரி போனது. மலேரியாவிலும் அப்படிப் போகும், டெஸ்ட்தான் நன்றாக இருக்கிறதே என்று டாக்டர் மாத்திரையை நிறுத்தவில்லை. காட்டூரில் அவன் வீட்டுக்குப் பார்க்கப் போனேன். கண்ணெல்லாம் மஞ்சள். அவன் பெண்சாதி ரோசம்மாள் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க லேப்லயே இருக்கீங்களேண்ணே. இதைக் குடுக்கலாங்களா?"

"படிச்சவங்க சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்" என்றேன். தண்ணீர் மொண்டு கொடுத்ததும் நான்தான்.

ஐந்தாம் நாள் செத்துப்போனான். தன் டெஸ்ட் தப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டு அந்தம்மா வேலையை விட்டார். டெஸ்ட் தப்பில்லை, ஐயா. அது சரிதான் என்று முதல் மாத்திரைக்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். நானாகப் போய்ச் சொல்லி அவரைப் பெரிய ஆளாக்க வேண்டுமா?

யாராவது என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒருத்தரும் கேட்கவில்லை.